கத்தியைச் சுழற்ற எந்தப் பட்டன்?

கணினியில் ரோல்-பிளேயிங் கேம் ஆடுபவர்களுக்கு இந்த எரிச்சல் நன்றாகத் தெரியும். எதிரே அரக்கன் நிற்கிறான். 'எக்ஸ் பட்டனை அழுத்து' என்கிறது திரை. கீபோர்டில் எக்ஸை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. திரை சொல்வது எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரின் எக்ஸ். ஒரு கருவிக்கென வகுத்ததை இன்னொன்றின் தலையில் கட்டும் இந்த வழக்கத்துக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு வயது.

1976-ல் லியர் சீக்ளர் என்ற அமெரிக்க நிறுவனம் ஏடிஎம்-3ஏ என்னும் மலிவு டெர்மினலை விற்றது. அம்புக்குறிகளுக்கெனத் தனி விசைகள் அதில் கிடையாது. ஹெச், ஜே, கே, எல் ஆகிய எழுத்து விசைகளின் மேலேயே அம்புகளை அச்சடித்துவிட்டார்கள். அந்த இடத்தைத் தேர்ந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. கன்ட்ரோலுடன் ஹெச்சை அழுத்தினால் ஓர் எழுத்து பின்னே போகும். ஜேயை அழுத்தினால் ஒரு வரி கீழே இறங்கும். டெலிபிரின்டர் காலத்துக் குறியீடு அது! பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த பில் ஜாய் இந்த டெர்மினலில்தான் 'விஐ' எடிட்டரை எழுதினார், நான்கு விசைகளையும் அப்படியே எடுத்துக்கொண்டார். 1980 வாக்கில் வந்த 'ரோக்' விளையாட்டு அவற்றைச் சுவீகரித்தது. அதன் வாரிசான நெட்ஹேக்கில் பலர் இன்றும் அந்த விசைகளைத் தட்டித்தான் நிலவறைக்குள் நடக்கிறார்கள்.

ஆப்பிள் II-வில் நிலைமை இன்னும் விசித்திரம். இடம், வலம் என இரண்டே அம்பு விசைகள். ரிச்சர்ட் கேரியட் 1981-ல் 'அல்டிமா'வை வெளியிட்டபோது வடக்கே போக ரிட்டர்ன் விசை, தெற்கே போக சாய்கோட்டு விசை என்று வைத்தார். ஆடியவர்கள் மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

டக்ளஸ் எங்கல்பார்ட் 1968-லேயே மேடையில் காட்டிய மவுஸ், விளையாட்டுக்குள் நுழைய வெகுகாலம் பிடித்தது. 1987-ல் அட்டாரி எஸ்டி கணினிக்கு வந்த 'டன்ஜன் மாஸ்டர்' அதைப் பிரமாதமாகப் பயன்படுத்தியது. தரையில் கிடக்கும் பொருளை மவுஸாலேயே எடுத்துப் பையில் போடலாம். மந்திர எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து தீப்பந்து வீசலாம். அதைப் போலச்செய்த விளையாட்டுகள் வரிசைகட்டின, 1991-ன் 'ஐ ஆஃப் தி பிஹோல்டர்' அவற்றில் பெயர்பெற்றது. பத்தாண்டு முடிவதற்குள் 'டயாப்ளோ' நடை, அடி, கொள்ளை எல்லாவற்றையும் கிளிக்கில் அடக்கிவிட்டது.

டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற இன்றைய கூட்டணியோ துப்பாக்கி விளையாட்டுகள் வழியே பரவியது. 1997-ல் 'குவேக்' போட்டியொன்றில் டென்னிஸ் ஃபாங் வென்றார். பரிசு, அந்த விளையாட்டை எழுதிய ஜான் கார்மாக்கின் ஃபெராரி கார். ஃபாங்கின் விசை அமைப்பை ரசிகர்கள் ஆர்வத்தோடு நகலெடுத்தார்கள். 2002-ல் 'மாரோவிண்ட்' வந்தபோது வாளேந்திய வீரர்களும் அதே விசைகளில் நடந்தார்கள்.

பிறகு காற்று திசை மாறியது. கன்சோலுக்காகச் செய்து கணினிக்கு மாற்றுவது வாடிக்கையாயிற்று. 2011-ன் 'ஸ்கைரிம்' பையில் இருப்பதையெல்லாம் நீண்ட பட்டியல்களாக அடுக்கியது. ரசிகர்களே 'ஸ்கையூஐ' என்ற மோடை எழுதிச் சரிசெய்தார்கள். 2012 ஆகஸ்டில் 'டார்க் சோல்ஸ்' கணினிக்கு வந்ததுதான் உச்சம். கணினிப் பதிப்பு வேண்டும் என்று ரசிகர்கள் மனுப் போட்டுப் பெற்ற விளையாட்டு அது. ஆனால் கீபோர்டில் ஆடினாலும் திரையில் எக்ஸ்பாக்ஸ் பட்டன்கள். மவுஸை அசைத்தால் கேமரா முரண்டு பிடித்தது. அம்புக்குறி திரை நடுவே அப்படியே கிடந்தது. டுரான்டே என்ற புனைபெயர்க்காரர் வெளியான அன்றே மங்கலான காட்சியைச் சீராக்கும் 'டிஎஸ்ஃபிக்ஸ்' திருத்தத்தை இலவசமாகத் தந்தார், அந்த அம்புக்குறியை மறைக்கவும் பின்னர் வழி செய்தார். மவுஸுக்கு இன்னொருவர் தனித் திருத்தம் எழுதினார். காசு வாங்கி விற்றவர்கள் செய்திருக்க வேண்டிய வேலை அது.

2024 டிசம்பரில் முன்னோட்டமாக வெளியான 'பாத் ஆஃப் எக்ஸைல் 2' டயாப்ளோ பரம்பரையில் பிறந்தது. அதில் கிளிக் செய்தும் நடக்கலாம், டபிள்யூ, ஏ, எஸ், டி அழுத்தியும் நடக்கலாம்.