மயக்கத்தில் மூளும் வெப்பம்

சடையங்குப்பத்தில் ஒருவருக்குக் கால் முறிந்து, அவரை ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவர் கேட்கவேண்டிய கேள்விகளுள் ஒன்று விந்தையாகத் தோன்றும்: "உங்கள் உறவினரில் எவருக்கேனும் மயக்க மருந்தினால் தீங்கு நேர்ந்ததுண்டா?" முறிந்தது இவருடைய கால், உறவினரைப் பற்றிய விசாரணை எதற்கு? அதற்கொரு வரலாறு உண்டு.

1848 ஜனவரி 28 அன்று இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்னும் 15 வயதுச் சிறுமி, கால்விரல் நகத்தை அகற்றுவதற்காகக் குளோரோபாரம் முகர்ந்து, சில நிமிடங்களில் இறந்தாள். முதலில் நிற்பது மூச்சா, இதயமா என்ற வழக்கு அதன்பின் நெடுங்காலம் நடந்தது. நம் நாடும் அதில் பங்கு கொண்டது. ஐதராபாத்தில் எட்வர்டு லாரி என்ற மருத்துவர் 1888-இலும் 1889-இலும் விலங்குகளைக் கொண்டு சோதனைகள் நடத்தினார். நிஜாம் ஆயிரம் பவுன் நல்க, இலண்டனிலிருந்து லாடர் பிரண்டன் என்னும் பேரறிஞரும் வந்து சேர்ந்தார். மூச்சைக் கவனித்தால் போதும், இதயத்துக்கு அச்சமில்லை என்று தீர்ப்பாயிற்று. அத்தீர்ப்போ பிழை! குளோரோபாரம் இதயத்தையே திடீரென நிறுத்தவல்லது என்பதை 1911-இல் குட்மன் லெவி மெய்ப்பித்தார். பொருளும் புகழும் துணைநின்றால் பிழைக்கும் ஆயுள் கூடிவிடுகிறது போலும்.

ஆயினும் இவர்கள் வழக்காடியதெல்லாம் மருந்தைப் பற்றியே. அதை ஏற்கும் உடலின் மரபைப் பற்றியன்று.

1960-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 21 வயது மாணவன் ஒருவன் கார் மோதிக் கால் முறிந்து வந்தான். அவன் அஞ்சியது காலுக்கு அன்று, மயக்க மருந்துக்கு. ஈதர் கொடுக்கப்பட்டு அவன் உறவினர் பத்துப் பேர் மாண்டிருந்தனர். மருத்துவர்கள் அதைப் புறக்கணிக்கவில்லை. ஈதரை விலக்கி, அப்போது புதிதாயிருந்த ஹாலோதேனைக் கொடுத்தனர். பத்தே நிமிடங்களில் இரத்த அழுத்தம் வீழ்ந்தது, நாடி விரைந்தது, உடல் கொதித்தது. உடனே மருந்தை நிறுத்திப் பனிக்கட்டியால் குளிர்வித்தனர். பிழைத்தான். டென்பரோ, லவெல் என்னும் இருவர் இச்செய்தியை அவ்வாண்டே 'லான்செட்' இதழில் வெளியிட்டனர்.

மலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா எனப்படும் இக்கோளாறு பரம்பரையாக வருவது. பெற்றோரில் ஒருவருக்கு இருப்பினும் பிள்ளைக்கு வரப் பாதி வாய்ப்புண்டு. முகரும் மயக்க மருந்துகள் சிலவும், தசையைத் தளர்த்தும் சக்சமித்தோனியமும் இதைத் தூண்டும். தசையினுள் கால்சியம் கட்டின்றிப் பெருகுகிறது. தசை விறைத்து, ஓயாது உழைத்து, வெப்பத்தைக் கக்குகிறது. முடிவில் இதயம் நிற்கிறது. முன்னாளில் பத்தில் ஏழெட்டுப் பேர் இறந்தனர். 1975-இல் தென்னாப்பிரிக்காவில் ஹாரிசன் என்பவர், இதே குறையுள்ள பன்றிகளை டான்ட்ரோலின் என்ற மருந்து காப்பதைக் கண்டார். அம்மருந்து உடனே கிடைக்குமிடத்தில் இன்று சாவு மிக அரிது.

அம்மாணவனுக்குப் பிற்காலத்தில் மற்றோர் அறுவைச் சிகிச்சை வேண்டியிருந்தது. இம்முறை முகரும் மருந்தே கொடுக்கவில்லை. முதுகுத்தண்டில் ஊசியிட்டு மரத்துப்போகச் செய்தார்கள். தீங்கொன்றும் நேரவில்லை.