அம்பேத்கர் தங்கிய அறைகள்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் நம் தம்பி தங்கைகள் கேட்கும் முதல் கேள்வி தங்குமிடம் பற்றியது. பல்கலைக்கழக விடுதியில் சேரலாமா, இல்லை நம் நாட்டு மாணவர்களோடு சேர்ந்து வெளியே வீடு எடுக்கலாமா? வாடகைக் கணக்கை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. இந்தக் கேள்விக்குப் பின்னால் நூறாண்டு கடந்த நம் வரலாறு இருக்கிறது.

1913 ஜூலையில் பரோடா மன்னரின் உதவித்தொகையோடு அண்ணல் அம்பேத்கர் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 22. முதலில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹார்ட்லி ஹால் விடுதியில் தங்கினார். அங்கே உணவு ஒத்துவரவில்லை. மேற்கு 114ஆம் தெருவில் இந்திய மாணவர்கள் இருந்த காஸ்மோபாலிட்டன் கிளப்புக்கு மாறினார். கடைசியில் மீண்டும் பல்கலைக்கழக விடுதிக்கே திரும்பினார். இந்த முறை லிவிங்ஸ்டன் ஹால். அங்கே அவரோடு தங்கியவர் நவல் பதேனா என்ற பார்சி மாணவர்.

அந்த நட்பு வாழ்நாள் முழுக்க நீடித்தது. பாதியில் விட்ட படிப்பை முடிக்க 1920இல் அண்ணல் மீண்டும் லண்டன் புறப்பட்டபோது, கடன் கொடுத்து உதவியவர்களில் பதேனாவும் ஒருவர். ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டதன் பலன் அது.

இதற்கு நேர்மாறானது 1917இல் பரோடாவில் நடந்தது. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, அரசுப் பணியில் சேர வந்தவருக்குத் தங்க இடமில்லை. இந்து விடுதிகள் ஏற்காது என்று அவருக்குத் தெரியும். அதனால் ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள், பத்துப் பன்னிரண்டு பார்சிகள் தடிகளோடு வந்து அவரை வெளியேறச் சொன்னார்கள். இரண்டு நண்பர்களிடம் இடம் கேட்டார். ஒருவர் இந்து, மற்றவர் கிறித்தவர். இருவருமே இடம் தரவில்லை. பொதுப் பூங்காவில் பல மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார்.

நியூயார்க்கில் அறைத்தோழரும் பார்சி, பரோடாவில் தடியோடு வந்தவர்களும் பார்சிகள். மதம் ஒன்றுதான். பல்கலைக்கழக விடுதியில் சாதி கேட்டு அறை கொடுக்கவில்லை; பரோடாவில் சாதியே சாவியாக இருந்தது. வெளிநாட்டில் கழித்த ஆண்டுகளில் தான் தீண்டப்படாதவன் என்ற நினைப்பே அற்றுப்போயிருந்ததாக அண்ணல் பின்னாளில் எழுதினார்.

அதற்காக அமெரிக்காவைச் சொர்க்கமாக்க வேண்டாம். அங்கே நிறவெறி இருந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் எல்லா நாட்டு, எல்லா நிற மாணவர்களும் ஒரே கூரையின் கீழ் வாழ ‘இன்டர்நேஷனல் ஹவுஸ்’ கட்ட ஹாரி எட்மண்ட்ஸ் முயன்றபோது, நூற்றுக்கணக்கான உள்ளூர்வாசிகள் கூட்டம் போட்டு எதிர்த்தார்கள். கறுப்பினப் பத்திரிகையாளர் டெலிலா பீஸ்லி அந்தக் கூட்டத்திலேயே எழுந்து நின்று அதை ஆதரித்தார். 1930இல் அந்த விடுதி திறக்கப்பட்டது. சமமான தங்குமிடம் யாரும் சும்மா கொடுத்ததல்ல, போராடிப் பெற்றது.

இன்று சாதியும் கடல் தாண்டிப் போயிருக்கிறது. ‘சைவம் மட்டும்’ என்ற வாடகை விளம்பரமும், ‘சொந்த ஊர் எது, முழுப்பெயர் என்ன’ என்ற விசாரிப்பும் எதற்கென்று நமக்குத் தெரியாதா? போராட்டமும் கூடவே போயிருக்கிறது. பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இலும், கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022இலும் பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதியைச் சேர்த்தன.

ஆகவே தோழர்களே, முதல் ஆண்டிலாவது பல்கலைக்கழக விடுதிக்கு விண்ணப்பியுங்கள். பல நாட்டவர் கலந்து தங்கும் அறையைக் கேளுங்கள். அங்கே பிரச்சினை வந்தால் முறையிட ஓர் அலுவலகம் இருக்கும். நண்பர்கள் சேர்ந்து எடுத்த வீட்டில் அது இருக்காது. உங்கள் பல்கலைக்கழக விதிகளில் ‘சாதி’ என்ற சொல் இருக்கிறதா என்று போகும் முன்பே படித்துவிடுங்கள். இல்லையென்றால், அதைச் சேர்க்கச் சொல்லும் வேலை அங்கே உங்களுக்காகக் காத்திருக்கிறது.

ஊர் திரும்பிய அண்ணல், 1925இல் சோலாப்பூரில் நம் பிள்ளைகளுக்காக ஒரு விடுதி திறக்கச் செய்தார். தனக்குக் கிடைத்த அறையைத் தன்னோடு முடித்துக்கொள்ளவில்லை. நாமும் அப்படித்தான் போக வேண்டும், அப்படித்தான் திரும்ப வேண்டும்.

ஜெய்பீம்!