கோப்பிக் காணிகளும் 1847ஆம் ஆண்டு வீழ்ச்சியும்

காணி வாங்கியோர் யாவரும் செல்வராவர் என்ற நம்பிக்கை 1840களில் இலங்கையிலே வேரூன்றியிருந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உறுதியற்ற காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொண்டது. 1844 வரை ஏக்கர் 5 சிலிங் வீதம் விற்கப்பட்ட முடிக்குரிய நிலங்களை வணிகரோடு அரசாங்க அதிகாரிகளும் வாங்கிக் குவித்தனர். பலர் கடன்பட்டே தோட்டம் திறந்தனர். கோப்பிக் கன்று பயன்தரச் சில ஆண்டுகள் செல்லும், வட்டியோ காத்திராது.

1847இல் பிரித்தானியாவிலே வணிக நெருக்கடி மூண்டது. கோப்பி விலை சரிந்தது. கடன் வழிகள் அடைபட்டன. செலவிட்ட தொகையின் சிறு பங்கிற்கே தோட்டங்கள் பல கைமாறின.

நட்டம் வாங்கியோரோடு நின்றுவிடவில்லை. தென்னிந்தியத் தொழிலாளர் பலருக்குக் கூலி கிடைக்கவில்லை. வருவாய் குன்றிய அரசாங்கம் 1848இல் புதிய வரிகளை விதிக்க, மாத்தளையிலே கிளர்ச்சி வெடித்தது. இலாபத்திலே பங்கற்றிருந்தோர் நட்டத்திலே பங்காளராயினர் எனலாம்.