கன்னி முயற்சிக்கு ஒரு சபை

அரங்கேற்றம் என்ற சொல்லை இன்று நாட்டியக் கச்சேரி அழைப்பிதழ்களில்தான் அதிகம் பார்க்கிறோம். ஒரு காலத்தில் அது நூலுக்கும் உரிய சொல்லாக இருந்தது. புலவன் காவியத்தை எழுதி முடித்துவிட்டால் மட்டும் போதாது. கற்றோர் கூடிய சபையில் அதைப் படித்துக் காட்டவேண்டும். அவர்கள் கிளப்பும் ஆட்சேபங்களுக்கு விடை சொல்லவேண்டும். அதன் பிறகுதான் நூல் ஊருக்குச் சொந்தமாகும். பெயர் பெற்ற புலவனுக்கு இது ஒரு சடங்கு. பெயர் பெறாதவனுக்கோ ஜீவமரணப் பிரச்னை.

இராமநாதபுரம் சீமையின் கடற்கரைக்கு இந்த வழக்கத்தில் ஒரு பழைய பங்கு உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதி, நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழில் காவியமாகப் பாட ஒரு புலவரைத் தேடினார். எட்டயபுரத்து உமறுப்புலவர் கிடைத்தார். அரபு நூல்களிலிருந்து செய்திகளை எடுத்துச் சொல்லக் கூடிய பேரறிஞர் சதக்கத்துல்லா அப்பா கீழக்கரையிலேயே இருந்தார். ஆனால் புலவரின் உடையையும் கோலத்தையும் பார்த்துவிட்டு முதலில் அவர் மறுத்துவிட்டாராம். பிறகு மனம் இளகி, பரங்கிப்பேட்டையிலிருந்த வேறொரு அறிஞரிடம் அனுப்பி வைத்தார் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். நூல் முடியுமுன் சீதக்காதி காலமானார். அபுல்காசிம் என்ற மரைக்காயர் பொறுப்பேற்றுக்கொண்டார். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களுடன் சீறாப்புராணம் அரங்கேறியது.

இந்தக் கதையில் மூன்று பேர் இருக்கிறார்கள்: பணம் கொடுப்பவர், பரிசோதிப்பவர், துணிந்து பாடுபவர். எந்தக் கலைக்கும் இந்த மூவர் வேண்டும். சினிமாவுக்கு மிகமிக வேண்டும். காவியம் எழுத ஓலையும் எழுத்தாணியும் போதும். படம் எடுக்க அவை போதுமா? முதல் படம் எடுப்பவனை நம்பிக் காசு போட ஆள் இல்லை. எடுத்த பின் பார்த்துச் சொல்லவும் ஆள் இல்லை.

இந்தக் குறையைத் தீர்க்க ஒரு சபை ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் நகரில் கூடிற்று. 1940-ல் ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசித் தரைமட்டமாக்கிய துறைமுகம் அது. 1972-ல் ஹூபர்ட் பால்ஸ் என்பவர் அங்கே ஒரு திரைப்பட விழாவைத் தொடங்கினார். முதல் நாள் இரவு வந்து உட்கார்ந்தவர்கள் பதினேழே பேர். வேறொருவராயிருந்தால் கொட்டகையைப் பூட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்திருப்பார். பால்ஸ் விடவில்லை. ஹாலிவுட் கம்பெனிப் படங்களின் ஆரம்பத்தில் ஒரு சிங்கம் கர்ஜிக்கும் அல்லவா? அதற்குப் போட்டியாக இவர்கள் புலியைச் சின்னமாக வைத்துக்கொண்டார்கள்.

1988-ல் பால்ஸ் இறந்தார். அவர் பெயரால் ஏற்பட்ட நிதி, ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் படமெடுப்பவர்களுக்குக் கை கொடுத்து வருகிறது. 1995-ல் புதிய டைரக்டர்களுக்கென்றே புலிப் பரிசுப் போட்டி ஏற்பட்டது. முதலில் பல ஆண்டுகள் மூன்று பரிசுகள், மூன்றும் சமம். 1999-ல் பரிசு பெற்றவர்களில் ஒருவர், நண்பர்களை வைத்துக்கொண்டு ஓய்வு நாட்களில் கறுப்பு வெள்ளையில் சொற்பச் செலவில் ஒரு படம் எடுத்திருந்த ஆங்கிலேய இளைஞர். பெயர் கிறிஸ்டபர் நோலன். இன்று அவரைத் தெரியாதவர் இல்லை. அன்று தெரிந்தவர் எத்தனை பேர்?

2021-ல் விழாவுக்கு ஐம்பதாவது ஆண்டு. கொள்ளை நோய்க் காலமாதலால் பரிசுப் போட்டி இணைய வழியாக நடந்தது. புலிப் பரிசும் நாற்பதாயிரம் யூரோவும் பி. எஸ். வினோத்ராஜ் எடுத்த 'கூழாங்கல்' என்ற தமிழ்ப் படத்துக்குக் கிடைத்தன. அது அவருடைய முதல் படம். குடிகாரத் தகப்பன் ஒருவன் பள்ளிக்கூடத்திலிருந்து மகனை இழுத்துக்கொண்டு, பிறந்த வீடு போய்விட்ட மனைவியை அழைத்துவரக் கிளம்புகிறான். மதுரைப் பக்கத்துப் பொட்டல் வெயிலில் இருவரும் நடக்கிறார்கள். கதை இவ்வளவுதான். நடுவர்களில் ஒருவர் ஆப்பிரிக்காவின் லெசோத்தோ நாட்டவர். இன்னொருவர் சிரியாவில் பிறந்தவர். வேறொருவர் எகிப்தியப் பெண்மணி. மேலூர் எந்தத் திசையில் இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் வெயிலில் நடக்கும் ஒரு பையனின் கால் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி நம் கடற்கரைக்குத் திரும்புவோம். 1964 டிசம்பர்ப் புயல் அடித்துக்கொண்டு போன தனுஷ்கோடியில், லீனா மணிமேகலை தம் முதல் கதைப் படமான 'செங்கடல்' எடுத்தார். அவரோடு சேர்ந்து கதை எழுதியவர் ஷோபாசக்தி. அக்கரைக்கும் இக்கரைக்கும் நடுவே சுடப்படும் மீனவர்களும், தோணி ஏறி வந்த அகதிகளும் தாங்களாகவே அதில் நடித்தார்கள். 2011-ல் சென்னைத் தணிக்கை அதிகாரிகள் சான்றிதழ் தர மறுத்துவிட்டார்கள். இரு நாட்டு அரசுகளையும் இழிவாகப் பேசுகிறதாம். கொச்சை வார்த்தைகள் வருகின்றனவாம். சுடப்படுகிறவன் இலக்கண சுத்தமாக அழவேண்டும் போலிருக்கிறது! மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் படத்தைப் பார்த்து அனுமதித்தது. அதே ஆண்டில் டர்பன் நகரத்து விழாவிலும் படம் காட்டப்பட்டது.

அந்தத் தீர்ப்பாயம் இப்போது இல்லை. 2021 ஏப்ரலில் அதைக் கலைத்துவிட்டார்கள். பிப்ரவரியில் ஒரு தமிழனின் முதல் படம் புலிப் பரிசு வாங்கிற்று. இரண்டு மாதத்தில், முதல் படக்காரன் முறையிடுவதற்கு இருந்த எளிய வாசல் மூடிற்று. இனி உயர் நீதிமன்றப் படிதான் ஏறவேண்டும். வக்கீலுக்குக் கொடுக்கக் காசு உள்ளவன் ஏறுவான்.

சபையும் காவலும் ஒன்றல்ல. சபையில் உட்கார்ந்திருப்பவர் "நீ என்ன செய்திருக்கிறாய்?" என்று கேட்கிறார். காவலில் நிற்பவர் "நீ எதைச் செய்திருக்கக் கூடாது?" என்று கேட்கிறார். ஊர் பேர் தெரியாதவனைத் தேர்ந்தெடுக்கும் நடுவர் தம் பெயரையே பணயம் வைக்கிறார். நாளை அவன் ஒன்றுமில்லாமல் போனால் உலகம் இவரையும் சேர்த்துச் சிரிக்கும். தடுக்கிறவருக்கு அந்தப் பயம் கிடையாது. மறுக்கப்பட்ட படத்தை யாரும் பார்க்கப் போவதில்லையே!

பரிசு எல்லாவற்றையும் சாதித்துவிடும் என்று சொல்ல வரவில்லை. 'கூழாங்கல்' கூட 2023-ல் இணைய வழியாகத்தான் நம் வீடுகளுக்கு வந்தது. ஆனால் சதக்கத்துல்லா அப்பா முதலில் மறுத்ததோடு நின்றிருந்தால் தமிழுக்கு ஒரு காவியம் இல்லை. மறுத்தவரே இரண்டாம் முறை யோசித்தார். வேறொரு வாசலையும் காட்டினார். முதல் படத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு நம் சபைகள் அந்த மரியாதையையாவது செய்யவேண்டும். ராட்டர்டாமுக்குப் பதினேழு பேர் போதுமாயிருந்தது. இராமநாதபுரத்தில் பதினேழு பேர் கிடைக்கமாட்டார்களா?