பட்டயக் கணக்காளர் தகுதி (இந்தியா)

பேச்சுவழக்கில் ஆடிட்டர். கல்லூரிப் பட்டம் கட்டாயமில்லாத தொழில் உரிமம். 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் தேர்வு நடத்தி உறுப்பினராகப் பதிவு செய்கிறது. பிளஸ் டூ முடித்தவர் அடிப்படைத் தேர்வெழுதி நுழையலாம். உரிய மதிப்பெண் பெற்ற பட்டதாரிக்கு அந்த முதல் படி மட்டும் விலக்கு. தகுதியின் உயிர்நாடி ஆர்ட்டிகிள்ஷிப் எனும் அலுவலகப் பயிற்சி: வவுச்சரைப் பேரேட்டோடு ஒப்பிட்டு டிக் அடிப்பது, கிடங்கில் சரக்கு எண்ணுவது. மூன்றாண்டாக இருந்த இது 2023இல் இரண்டாண்டானது. சற்றுத் தாராளமான குறைப்புதான். வெறும் பி.காம். பட்டதாரி கம்பெனித் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திட முடியாது. தொழில்புரியும் சான்று பெற்ற உறுப்பினர், பட்டமில்லாவிட்டாலும் இடலாம். ஆயினும் பட்டம் கேட்கும் இடங்களுக்காகப் பலர் அஞ்சல்வழியில் பி.காமும் படிப்பதுண்டு. 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு இத்தகுதியை முதுநிலைப் பட்டத்துக்கு இணையாக ஏற்றது.