கரும்புத் தோட்டத்துப் பாடல்களும் திருச்சபையும்: சில இசைஞருக்கும் இசைத்தட்டு செய்தோருக்கும் நம் நன்றிக்கடன்

பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் நாம் ஆயராகப் பணியாற்றிய நாள்களில் நடந்த ஓர் அடக்க ஆராதனையிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்க விரும்புகிறோம். இறந்தவர் முதியவர். இளமையில் பறையடித்தவர், திருமுழுக்குப் பெற்ற பின் அதைத் தொடாதவர். அவருடைய தம்பி மக்கள் சபையைச் சேராதவர்கள். வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து பறைகளோடு வந்து, தெருக்கோடியில் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தனர். "பெரியப்பாவுக்காக ஒரு நாழி அடிச்சுக்கிறோம், ஐயா" என்று நம்மிடம் கேட்டனர். நாம் இசையவில்லை. ஜெபம் முடியும்வரை அவர்கள் பறையைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு எட்டவே நின்றனர். இறந்தவரின் மனைவி ஒப்பாரியைத் தொடங்கியபோதும், ஒரு கீர்த்தனையை உரக்கப் பாடச் செய்து அதனை அடக்கினோம். அன்று நம் மனத்தில் எவ்வித உறுத்தலும் எழவில்லை. ஒழுங்காக ஆராதனை நடத்தினோம் என்றே எண்ணி வீடு திரும்பினோம்.

சில ஆண்டுகளுக்குப் பின் நண்பர் ஒருவரின் இல்லத்தில் மகாலியா ஜாக்சன் அம்மையாரின் இசைத்தட்டு ஒன்றைக் கேட்க நேர்ந்தது. அப்பாடலை இயற்றியவரின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் அந்த அடக்க நாள் மீண்டும் நினைவுக்கு வந்தது. இறையியல் ஏடுகளில் பாடகருக்கும் இசைத்தட்டு செய்தோருக்கும் அஞ்சலி எழுதும் வழக்கம் நம்மிடையே குறைவு. பேராயர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் எழுதுகிறோம். இவர்களுக்கும் எழுதவேண்டும் என்பதே நமது எண்ணம்.

அப்பாடலை இயற்றியவர் தாமஸ் டார்ஸி. 1899ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். அவர் தந்தை பாப்திஸ்துப் போதகர். ஆயினும் மகன் சென்ற வழி வேறு. 'ஜார்ஜியா டாம்' என்னும் பெயரில், புளூஸ் இசையின் தாய் எனப் போற்றப்பட்ட மா ரெய்னிக்குப் பியானோ வாசித்தார். 1928இல் டாம்பா ரெட் என்பவரோடு சேர்ந்து அவர் பதிவு செய்த ஒரு பாடல் பெருந்தொகையாக விற்றது. அது ஆலயத்தில் பாடத்தக்க பாடல் அன்று என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம்.

1932ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு கூட்டத்தில் பாடிக்கொண்டிருக்கையில் தந்தி வந்தது. பேறுகாலத்தில் மனைவி இறந்துவிட்டார். பிறந்த ஆண் குழந்தையும் அவரைத் தொடர்ந்தது. அத்துயரத்திலிருந்து எழுந்ததே 'ப்ரெஷஸ் லார்ட்' என்று உலகெங்கும் அறியப்பட்ட பாடல். அதன் மெட்டு பழைய ஞானப்பாட்டு ஒன்றைத் தழுவியது; ஆனால் அதைப் பாடும் முறை புளூஸ் முறை. குரல் உடைவதும், நிற்பதும், ஒரே சொல்லை இழுத்து இழுத்து மீண்டும் சொல்வதும் துக்க வீட்டு முறை. நமது ஒப்பாரியைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். கறுப்பினத்தவரின் சபைகள் பலவும் அக்காலத்தில் வெள்ளையர் ஆலய இசையின் கண்ணியத்தையே நாடின. ஆகவே தொடக்கத்தில் அவரைத் தம் வாசல்களிலிருந்து திருப்பி அனுப்பின. சிகாகோ நகரின் பில்கிரிம் பாப்திஸ்து ஆலயம் ஏற்றுக்கொண்டது. 1968 ஏப்ரல் 4ஆம் நாள் மெம்பிஸ் விடுதியின் மாடத்தில் நின்ற மார்ட்டின் லூதர் கிங், அன்றிரவுக் கூட்டத்தில் இப்பாடலை வாசிக்கும்படி இசைஞர் ஒருவரைக் கேட்டுக்கொண்டார். சற்று நேரத்தில் சுடப்பட்டார். அவருடைய அடக்கத்தில் அதைப் பாடியவர் மகாலியா ஜாக்சன். வாசலில் நிறுத்தப்பட்ட இசை அன்று நாடு முழுவதும் கேட்டது.

இனி இசைத்தட்டு செய்தோர். இவர்களைப் புகழ்வதற்குச் சற்றுத் தயக்கம் உண்டு. 1920இல் மேமி ஸ்மித் பாடிய தட்டு நன்கு விற்றபின், கறுப்பினத்தார் வாங்குவார்கள் என்று கண்ட நிறுவனங்கள் அவர்களுக்கெனத் தனி வரிசைகளே வெளியிட்டன. அவற்றுள் ஒன்றாகிய பாரமவுண்ட், விஸ்கான்சினில் நாற்காலி செய்யும் ஒரு கம்பெனிக்குச் சொந்தமானது. இசைப்பெட்டிகளும் செய்து வந்த அக்கம்பெனி, அவற்றை விற்பதற்காகவே தட்டுகளையும் செய்யத் தொடங்கியது. பாடியவருக்குப் பெரும்பாலும் ஒருமுறைக் கூலி. உரிமைத் தொகை இல்லை. 137ஆம் சங்கீதத்தில் சிறைபிடித்துச் சென்றவர்களே சிறைப்பட்டவர்களிடம் பாட்டுக் கேட்கிறார்களே, அந்த நிலைதான். குருட்டு வில்லி ஜான்சன் தெருவில் பாடி நற்செய்தி கூறியவர். 1927 முதல் 1930 வரை முப்பது பாடல்களைப் பதிவு செய்தார். 1945இல் வறுமையில் இறந்தார். 1977இல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பப்பட்ட தட்டில் அவருடைய குரலும் உண்டு. நம் நாட்டுக் கேசர்பாய் கேர்க்கரின் குரலும் உண்டு. வணிகர் லாபத்திற்காகச் செய்ததுதான். ஆயினும் அவர்கள் செய்யாதிருந்தால் அக்குரல் மண்ணோடு போயிருக்கும்.

எல்லாரும் அப்படிப்பட்ட வணிகர் அல்லர். டெட்ராய்ட் நகரின் ஹேஸ்டிங்ஸ் தெருவில் ஜோ வான் பேட்டில் என்ற கறுப்பினத்தவர் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். நியூ பெத்தேல் பாப்திஸ்து ஆலயத்தின் போதகர் சி. எல். பிராங்க்ளின் நிகழ்த்திய பிரசங்கங்களை 1953 முதல் அவர் பதிவு செய்து தட்டுகளாக வெளியிட்டார். பிரசங்கம் பாட்டாக மாறும் இடத்தைக் கேட்க விரும்பும் மாணவர்கள் அவற்றைத் தேடிக் கேட்கவேண்டும். போதகரின் பதினான்கு வயது மகள் ஆலயத்தில் பாடியதையும் 1956இல் பதிவு செய்தவர் அவரே. அச்சிறுமிதான் பின்னாளில் சோல் இசையின் அரசி எனப்பட்ட அரீத்தா பிராங்க்ளின். புகழின் உச்சியில் இருந்தபோது, 1972 ஜனவரியில், அவர் லாஸ் ஏஞ்சலிஸ் நகர ஆலயம் ஒன்றுக்குத் திரும்பிச் சென்று இரண்டு இரவுகள் பாடிப் பதிவு செய்தார். ஜோ வான் பேட்டிலின் தெருவோ நெடுஞ்சாலைக்காக இடிக்கப்பட்டது. வேறிடத்தில் வைத்த கடையும் 1967ஆம் ஆண்டுக் கலவரத்தில் நாசமாயிற்று; ஒலிநாடாக்களும் அதனோடு அழிந்தன.

இவையெல்லாம் தொலைவில் நடந்தவை, பாகூருக்கும் வில்லியனூருக்கும் இவற்றோடு என்ன உறவு என்று வாசகர் கேட்கலாம். அடிமை முறை முடிந்த இடத்தில் நம்மவர் கதை தொடங்குகிறது. 1848இல் பிரான்சு தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியும் காரைக்காலும் அதற்குத் துறைமுகங்களாயின. 1853 மே மாதம் 'ஒரேலி' என்னும் கப்பல் முதல் தொகுதிக் கூலிகளை மார்த்தினிக் தீவில் இறக்கியது. அடுத்த ஆண்டு கிறிஸ்துமசுக்கு முந்திய நாள் அதே கப்பல் குவாதலூப்பைச் சேர்ந்தது. ரெயூனியன் தீவுக்குச் சென்றோர் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டவர். ஆங்கில ஆட்சிக்குட்பட்ட பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் பிரெஞ்சுக் கொம்யூன்களிலிருந்தும் மேஸ்திரிகள் திரட்டிய ஏழை மக்கள் அவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றார்கள், திரும்பாதவர்களே மிகுதி. ஆங்கில அரசு 1882இல் ரெயூனியனுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

அத்தீவில் அவர்கள் கண்ட இசை மலோயா. மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகளின் பாட்டு அது. முதலில் ஒருவர் பாட, மற்றவர் ஏற்றுப் பாடுவர். 'ரூலேர்' என்னும் பீப்பாய் முரசும், கரும்புப் பூத்தண்டுகளை வரிசையாகக் கட்டி உள்ளே விதைகளை இட்டுக் குலுக்கும் 'கயாம்ப்' என்னும் கருவியும் அதற்குரியவை. கரும்பு அவர்களை வதைத்தது. அதன் தண்டையே தாளக் கருவியாக்கினர். 'மலபார்' என்று அங்கு அழைக்கப்படும் நம்மவரின் வழிவந்தோர் தம் பறையையும் விடவில்லை. இங்கே போலவே அங்கும் அடிக்குமுன் அதை நெருப்பில் காய்ச்சுகின்றனர். அவர்களிற் பலர் ஞாயிறன்று கத்தோலிக்கப் பூசையிலும் மற்ற நாள்களில் தம் கோவில் சடங்கிலும் கலந்துகொள்வர். இதனைக் கலப்பு வழிபாடு என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுதல் எளிது. பறையை வெளியே நிறுத்தியவர்களே அக்கலப்புக்கு எவ்வளவு காரணம் என்பதையும் சேர்த்து எண்ணுதல் நேர்மை.

கிரான்மூன் லேலே என்று அழைக்கப்பட்ட பாடகர் தமிழ், மலகாசி மரபுகள் இரண்டிலும் வந்தவர், 1930இல் பிறந்தவர், சர்க்கரை ஆலைத் தொழிலாளி. மனைவி மக்களைக் கொண்டே குழு அமைத்துப் பாடினார். அவருடைய முதல் இசைத்தட்டு 1993இல், அறுபதைக் கடந்த பின்னரே, வெளிவந்தது. 2004இல் மறைந்தார். அவருக்கு முன் வழி திறந்தவர் ஃபிர்மேன் விரி. 1960களிலும் 1970களிலும் அத்தீவின் அதிகாரிகள் மலோயாவை ஐயக்கண்ணோடு நோக்கினர், கூட்டங்கள் கலைக்கப்பட்டன, கருவிகள் பறிக்கப்பட்டன. அந்நிலையில் 1976இல் ஃபிர்மேன் விரி குழுவினரின் பாடல்களைத் தட்டாக வெளியிட்டது ரெயூனியன் கம்யூனிஸ்டுக் கட்சி. திருச்சபை அல்ல. இதை எழுதும்போது நமக்கு நாணம் உண்டாகிறது. 2009இல் யுனெஸ்கோ மலோயாவை மானிட மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

நம் நாட்டில் இக்கடனை உணர்ந்தவர் சிலரே. அவருள் முதன்மையாக நாம் நினைப்பவர், 'பரட்டை' என்னும் பெயரில் எழுதிய அருட்திரு தியோபிலஸ் அப்பாவு (1940–2005). மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்தவர். கருநாடக இசையில் அமைந்த கீர்த்தனைகளின் அருமையை அறிந்தவர்தாம். ஆனால் கூலி வேலை செய்யும் பெண் தானே மாற்றிப் பாடிக்கொள்ளக்கூடிய பாட்டு நாட்டுப்பாட்டு ஒன்றே என்று கண்டார். 1994இல் வெளிவந்த அவருடைய கிராமிய இசை வழிபாடும், கையிலிருந்து கைக்குச் சென்ற ஒலிநாடாக்களும் ஏட்டறிவில்லாத சபைகளுக்கும் எட்டின. திருச்சபைக்கு வெளியே, புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்த கே. ஏ. குணசேகரனும் (1955–2016) தம் 'தன்னானே' குழுவோடு ஊர் ஊராகச் சென்று ஒடுக்கப்பட்டோர் பாடல்களைப் பாடினார். 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அரசு தந்த பின் திருச்சபையும் தரும்; வழக்கம் அதுதானே.

இவற்றையெல்லாம் படித்தறிந்த பின் நாம் ஓர் ஒலிப்பதிவுக் கருவியுடன் அச்சிற்றூருக்கு மீண்டும் சென்றோம். அம்மூதாட்டி திண்ணையில் அமர்ந்திருந்தார். அன்று நாம் பாடவிடாத ஒப்பாரியை இப்போது பாடும்படியும், அதைப் பதிவு செய்து வைக்க விரும்புவதாகவும் சொன்னோம். அவர் கருவியைச் சற்று நேரம் பார்த்தார்.

"அது அவருக்குப் பாடறதுங்க ஐயா. அவரு போயி எத்தினி வருசம் ஆச்சு, இப்ப யாருக்குப் பாடறது?" என்றார். பிறகு உள்ளே திரும்பி, ஐயாவுக்கு மோர் கொண்டுவரும்படி மருமகளிடம் சொன்னார்.