ஒரு ஜீப் வண்டி கற்பித்த பாடம்

வரலாற்றுச் சான்றுகள் எவை என்று கேட்டால், கல்வெட்டு, செப்பேடு, நாணயம் என்று மாணவர்கள் அடுக்கிச் சொல்வார்கள். புதுச்சேரி மாணவராயின் அரிக்கமேட்டையும் சேர்த்துக்கொள்வார். அங்கே 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் மண்ணை அடுக்கடுக்காக அகழ்ந்தார். எந்த அடுக்கில் எந்தப் பொருள் கிடைத்தது என்று குறித்துவைத்து, இவ்வூருக்கும் உரோமாபுரிக்கும் இருந்த வாணிகத்தின் காலத்தைக் கணித்தார். இந்தப் பாடத்தை நான் வகுப்பில் ஆண்டுதோறும் நடத்தியவன். நடத்தியவனே அதைச் சரியாகக் கற்கவில்லை என்று எனக்கு உணர்த்தியது ஒரு பழைய ஜீப் வண்டி.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு முதியவர் இருந்தார். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுவோரை இவ்வூரில் ‘சொல்தா’ என்பது வழக்கம். அவரும் ஒரு சொல்தா. இந்தோசீனப் போரில் ஜீப் ஓட்டியவர். மாலை வேளையில் திண்ணையில் அமர்ந்து, “சேற்றிலே மாடு நின்றுவிடும்; ஜீப் நிற்காது, தம்பி!” என்பார். அந்தச் சொல் என் மனத்தில் விதையாக விழுந்துகிடந்தது. 2006-ஆம் ஆண்டில், வில்லியனூர்ப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில், சக்கரமின்றித் தரையில் கிடந்த ஜீப் ஒன்றைக் கண்டேன். அதன் தளத்தில் துருப்பிடித்த ஓட்டை வழியே வேப்பங்கன்று ஒன்று தலைநீட்டியிருந்தது. “அசல் வில்லிஸ், 1942-ஆம் வருடத்து வண்டி” என்றார் கடைக்காரர். வாங்கிவிட்டேன். வீட்டார் என்ன சொன்னார்கள் என்பது வானொலியில் சொல்வதற்குரியதன்று.

என்னைவிட மூன்று வயது மூத்த மெக்கானிக் ஒருவர் துணைக்கு வந்தார். இளமையிலிருந்தே பட்டறையில் வளர்ந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் வருவதற்கு முன்பே, ஆர்வ மிகுதியால் நானே உப்புத்தாளை எடுத்து வண்டியின் பக்கத் தகட்டைத் தேய்க்கத் தொடங்கினேன். நண்பகலுக்குள் இரும்பு வெள்ளிபோல் மின்னிற்று. வந்து பார்த்த அவர், “சார், அந்தப் பச்சைக்கு அடியிலே வெள்ளை எழுத்து இருந்ததே! எந்த ஊர் வண்டி என்று எழுதியிருந்திருக்கும்” என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஓர் எழுத்தின் வால்தான் மிஞ்சியிருந்தது. வீலரின் மண்ணடுக்குகளைப் பற்றிப் பாடம் நடத்தியவன், ஒரு காலை வேளையில் ஓர் ஆவணத்தை என் கையாலேயே அழித்துவிட்டேன். அவ்வெழுத்தை இனி எவராலும் படிக்க முடியாது.

அன்று முதல் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டேன். இருக்கைக்கு அடியில் நான் தேய்க்காத ஓர் இடம் இருந்தது. அங்கே விரற்கடை அளவு பரப்பில் வண்ணங்களை ஒவ்வோர் அடுக்காகச் சுரண்டினோம். மேலே பச்சை, அதன்கீழ் மஞ்சள், பிறகு சாம்பல் நிறம், அடியில் இராணுவத்தின் ஆலிவ் பச்சை. நான்கு வண்ணங்கள், நான்கு வாழ்க்கைகள்.

முதல் வாழ்க்கை போர்க்களத்துக்குரியது. 1940-ஆம் ஆண்டின் நடுவில், எத்தகைய தரையிலும் செல்லவல்ல இலேசான வண்டி ஒன்று வேண்டுமென அமெரிக்க இராணுவம் 135 நிறுவனங்களைக் கேட்டது. 49 நாளில் முன்மாதிரி தரவேண்டும் என்பது நிபந்தனை. பான்டம் என்னும் சிறிய நிறுவனம் செப்டம்பர் 23 அன்று அதைச் செய்து நிறுத்தியது. ஆயினும் பெரும் ஒப்பந்தம் அதற்குக் கிட்டவில்லை. அறுபது குதிரைத்திறன் எஞ்சின் உடைய வில்லிஸ் நிறுவனத்துக்கே அது சென்றது. வில்லிஸ் மட்டும் செய்து தீராத காரணத்தால், அதே வரைபடத்தைக் கொண்டு ஃபோர்டு நிறுவனமும் ஜீப் செய்தது. போர் முடிவதற்குள் இரண்டும் சேர்ந்து ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்தன.

இதை அறிந்த பின்னர் எங்கள் வண்டியை மறுபடியும் பார்த்தோம். வில்லிஸ் வண்டியில் சட்டத்தின் முன்குறுக்குச் சட்டம் குழாய் வடிவில் இருக்கும். ஃபோர்டில் கவிழ்த்த வாய்க்கால்போல் இருக்கும். எங்களுடையது கவிழ்த்த வாய்க்கால்! துருவைத் துடைத்தபோது, போல்ட்டுகளின் தலையில் ‘எஃப்’ என்னும் எழுத்தும் தெரிந்தது. ஃபோர்டு தன் உறுப்புகளில் பொறித்த அடையாளம் அது. கடைக்காரர் சொன்ன ‘அசல் வில்லிஸ்’ வில்லிஸே அன்று. அவர் பொய் சொல்லவில்லை, கேட்டதைச் சொன்னார். வாய்மொழியைப் பொருட்சான்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுவது இதனால்தான்.

போருக்குப் பின் இந்தியாவில் எஞ்சிய இராணுவ ஜீப்புகள் விற்பனைக்கு வந்தன. அக்காலத்தில்தான் பம்பாயில் இந்திய ஜீப்பும் பிறந்தது. 1945-இல் மகிந்திரா சகோதரர்களும் குலாம் முகம்மதுவும் கூட்டாக ஓர் எஃகு வாணிக நிறுவனத்தைத் தொடங்கினர். 1947-இல் நாடு பிரிந்தபோது குலாம் முகம்மது பாகிஸ்தானுக்குச் சென்று அதன் முதல் நிதியமைச்சரானார். மறு ஆண்டு நிறுவனத்தின் பெயர் மகிந்திரா அண்டு மகிந்திரா என்று மாறியது. பிரிவினை ஒரு பெயர்ப்பலகையைக்கூட விட்டுவைக்கவில்லை. வில்லிஸ் உறுப்புகளை வரவழைத்துப் பூட்டத் தொடங்கிய அந்நிறுவனத்தால் நம் நாட்டில் ஜீப் பெருகியது. எங்கள் வண்டியின் மேற்கூடு, ஏதோ ஒரு நம்மூர்ப் பட்டறையில் தகடு வளைத்துச் செய்தது.

பானட்டைத் திறந்தால் உள்ளே இருந்ததோ டிராக்டரின் டீசல் எஞ்சின். என் முதல் எண்ணம், அதை எடுத்தெறிந்துவிட்டுப் பழைய பெட்ரோல் எஞ்சினைத் தேடிப் பூட்டுவது. பல ஆண்டுத் தேடலுக்குப்பின் 2016-இல் ஒன்று கிடைக்கவும் செய்தது. அப்போது மெக்கானிக் தயங்கினார். “சார், எழுபத்து நாலிலே நான் தொழில் பழகும்போது இதே வேலைதான் செய்துகொண்டிருந்தோம். பெட்ரோல் விலை ஏறிப்போச்சு. டீசல் எஞ்சின் போடாத ஜீப்பெல்லாம் இரும்புக்குப் போச்சு. இந்த எஞ்சினாலேதான் இது பிழைத்தது” என்றார்.

மாணவ நண்பர்களே! 1973 அக்டோபரில் மேற்கு ஆசியாவில் போர் மூண்டது. சில மாதங்களில் கச்சா எண்ணெயின் விலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. அந்தப் போரின் எதிரொலி நம் ஊர்ப் பட்டறையில் ஒரு டிராக்டர் எஞ்சினாக வந்து இறங்கியிருக்கிறது. அதை எறிந்தால், நான் தேய்த்தழித்த எழுத்தைப்போல் இன்னோர் ஏட்டைக் கிழித்தவன் ஆவேன். “அண்ணே, அது இருக்கட்டும்” என்றேன். பெட்ரோல் எஞ்சினை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம்.

அந்த முடிவுக்கு விலையும் உண்டு. 2021-இல் இந்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனிப் பதிவு விதி வகுத்தது. ஐம்பது ஆண்டு கடந்து, முதல் வடிவம் மாறாதிருக்கும் வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துடன் பதிவெண் தரப்படும். எஞ்சின் மாறிய எங்கள் வண்டிக்கு அந்தப் பெருமை இல்லை. 2019-இல் முதன்முதலாக உறுமி எழுந்த அது, இன்றும் என் வீட்டுத் தோட்டத்துக்குள்ளேதான் உலாவுகிறது. சொல்தா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

நம் கடற்கரையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பின்னர் பழைய தோற்றத்திலேயே எழுப்பப்பட்டது. அதைக் காணும்போதெல்லாம் மகிழ்கிறேன். உடன் ஒரு கேள்வியும் எழுகிறது. பழையதைப் புதுப்பிக்கும்போது எந்த நாளின் பழமையை நாம் மீட்கிறோம்? பிறந்த நாளையா, வாழ்ந்த நாட்களையும் சேர்த்தா? ஜீப்பைப் பொறுத்தவரை என் விடையைச் சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தாவின் மிதிவண்டியோ பாட்டியின் தையல் இயந்திரமோ இருக்கலாம். அதைத் துலக்குமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள். உப்புத்தாளைக் கையில் எடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.